காதொலிக் கருவியும் ஊரார் கடமையும்

(திருவதிகையில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)





இத்தகைய முகாம்களில் சாலையைப் பற்றியும், குடிநீரைப் பற்றியும், ஏரி மதகைப் பற்றியும் பேசுவதே வழக்கம். அவை அனைத்தும் இன்றியமையாதவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறுபட்டது. இதற்குச் செங்கல்லும் சிமெண்டும் வேண்டுவதில்லை. மதிப்பீடும் ஒப்பந்தமும் வேண்டுவதில்லை. வேண்டுவது மனமாற்றம் ஒன்றே. நம் ஊர்களில் காது மந்தமாகிப்போன பெரியோர்களும், செவித்திறன் குறைந்த பிள்ளைகளும் காதொலிக் கருவியை அணியாமல் ஒதுங்கியிருப்பதற்குக் காரணம் என்ன, அவர்களை அணியச் செய்வதற்கு ஊரார் ஆற்ற வேண்டிய கடமை என்ன என்பதே நம் பேச்சின் பொருள்.

பெட்டியில் உறங்கும் கருவி

முகாம்கள் நடைபெறுகின்றன. மருத்துவர்கள் வருகின்றார்கள், காதைச் சோதிக்கின்றார்கள். கருவிகள் வழங்கப்படுகின்றன. ஆனால், ஆறு திங்கள் கழித்து அதே வீட்டிற்குச் சென்று, "கருவி எங்கே?" என்று வினவினால், மரப்பெட்டியிலிருந்தோ, அரிசிப் பானைக்கு மேலுள்ள பரணிலிருந்தோ, சாமி படத்தின் பின்னாலிருந்தோ அதை எடுத்துக் காட்டுகின்றார்கள். உறை கூடப் பிரியாமல் இருப்பதும் உண்டு. "பத்திரமாக வைத்திருக்கிறோம் ஐயா" என்று பெருமையுடன் சொல்வாரும் உண்டு. ஏரைப் பத்திரமாகப் பரணில் வைத்துவிட்டால் நிலம் உழப்படுமா? கருவியின் பயன் அது காதில் இருப்பதில்தான் உள்ளது.

இது நம் வட்டாரத்திற்கு மட்டும் உரிய குறை என்று எவரும் நாணவேண்டுவதில்லை. உலகெங்கும் இதே நிலைதான். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட செவித்திறன் பற்றிய உலக அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கு மேற்பட்ட மக்கள் ஏதோ ஓர் அளவில் செவித்திறன் குறைந்தவர்கள். அவர்களுள் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ, கருவியோ, பயிற்சியோ கட்டாயம் தேவைப்படுகிறது. 2050-ஆம் ஆண்டளவில் இத்தொகை 70 கோடியாகப் பெருகக்கூடும் என்றும் அவ்வறிக்கை எச்சரிக்கின்றது. கருவி தேவைப்படுவோருள் நூற்றுக்குப் பதினேழு பேர்தாம் அதனைப் பயன்படுத்துகின்றனர் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. கருவி கிடைக்காமையும், விலையும் இதற்குக் காரணங்கள்தாம். எனினும் கையில் கிடைத்த கருவியும் அணியப்படாமல் கிடக்கின்றது என்றால், அதற்குக் காரணத்தை மனத்திலும் ஊரிலும்தான் தேடவேண்டும்.

காது ஏன் மந்தமாகிறது?

முதலில் காது இயங்கும் முறையைச் சிறிது தெரிந்துகொள்வோம். உட்காதில் நத்தைக் கூட்டைப் போலச் சுருண்ட ஓர் உறுப்பு உள்ளது. அதனுள் மிக நுண்ணிய மயிர்போன்ற அணுக்கள், ஒவ்வொரு காதிலும் ஏறத்தாழ 15,000 அமைந்துள்ளன. ஒலி அலை வரும்போது இவை அசைந்து, அவ்வசைவு நரம்பின் வழியே மூளைக்குச் செல்கிறது. நெற்பயிர் ஒரு போகம் அழிந்தால் மறுபோகம் நடலாம். இவ்வணுக்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. முதுமையாலும், சில நோய்களாலும், சில மருந்துகளாலும், இடைவிடாத பேரோசையாலும் இவை அழிகின்றன.

பேரோசை என்றதும் நமக்கு அண்மையிலுள்ள நெய்வேலி நினைவுக்கு வருகின்றது. 1956-ஆம் ஆண்டில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1957-இல் சுரங்கப் பணி தொடங்கியது. அதன் பின்னர் நம் பகுதி ஆடவர் பலர் கலப்பையோடு இயந்திரத்தையும் கையாளக் கற்றனர். சுரங்க இயந்திரங்களேயன்றி, அரவை ஆலை, டீசல் என்ஜின், டிராக்டர், மருந்து தெளிக்கும் விசைக்கருவி ஆகிய யாவும் செவிக்குப் பகைதான். 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம், ஆண்டுக்கணக்காகப் பணிபுரிவோர்க்குச் செவித்திறன் குறையக்கூடும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. ஆகவே, இயந்திரத்தருகே நிற்போர் காதுக்குக் காப்பு அணிதல் வேண்டும். இளைஞர்கள் இதனைக் கோழைத்தனம் என்று கருதுவது தவறு. தலைக்குக் கவசம் அணிவது கோழைத்தனமன்று; காதுக்கு அணிவதும் அன்று.

இன்னொன்றையும் அறிதல் நலம். முதுமையிலும் பேரோசையிலும் முதலில் மறைவது மெல்லிய, கூரிய ஒலிகளைக் கேட்கும் திறனே. உயிரெழுத்துகள் கேட்கும், வல்லெழுத்துகள் மறையும். 'பட்டு' என்றாலும், 'தட்டு' என்றாலும், 'கட்டு' என்றாலும் அவருக்கு ஒன்றுபோலவே கேட்கும். "சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை" என்று முதியோர் கூறுவதன் பொருள் இதுவே. இதை அறியாத நாம், "வேண்டியது மட்டும் காதில் விழுகிறது, வேண்டாதது விழுவதில்லை" என்று அவரைக் குறை கூறுகின்றோம். உரக்கக் கத்தினால் உயிரொலிதான் பெருகுமேயன்றி, மறைந்த வல்லொலி தெளிவாவதில்லை. கத்துகின்றவரின் முகத்தில் தோன்றும் சினம்தான் அவருக்கு முதலில் தெரிகின்றது.

மனத்தில் எழும் தடைகள்

கருவி அணிய மறுப்போரின் மனத்தை ஆராய்ந்தால் ஐந்து தடைகளைக் காணலாம்.

முதல் தடை, குறையை உணராமை. கண் மங்கினால் எழுத்து தெரிவதில்லை, உடனே புலப்படுகின்றது. காது மந்தமாவதோ, குளத்து நீர் வற்றுவதுபோல நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நிகழ்கின்றது. ஆதலின், "எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள்" என்று அவர் மெய்யாகவே நம்புகின்றார். அவரோடு வாதிட்டுப் பயனில்லை. சோதனை செய்து, எந்த ஒலி கேட்கிறது, எது கேட்கவில்லை என்பதை மருத்துவர் காட்டினால் ஏற்றுக்கொள்வார்.

இரண்டாவது தடை, நாணம். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்தால் படித்தவர் என்கின்றோம். காதுக்குக் கருவி அணிந்தால் கிழவர் என்கின்றோம். ஆனால் நம் நாட்டு வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். குழந்தைக்குக் காது குத்த ஊரையே அழைத்து விருந்து வைக்கின்றோம். தாய்மார் தோடும் மாட்டலும் அணிகின்றனர். நம் பாட்டனார் காலத்தில் ஆடவரும் கடுக்கன் அணிந்து பெருமை கொண்டனர். அழகுக்காகக் காதில் அணிவது பெருமையானால், கேட்பதற்காகக் காதில் அணிவது எங்ஙனம் இழிவாகும்?

மூன்றாவது தடை, முதல் நாள் ஏமாற்றம். கருவியை மாட்டியவுடன் பத்தாண்டுகளாகக் கேளாத ஒலிகள் யாவும் ஒருங்கே வந்து மோதுகின்றன. பாத்திரம் உருளும் ஓசை இடிபோல் கேட்கின்றது, மின்விசிறி இரைகின்றது, தம் குரலே தமக்கு அயலாருடையதுபோல் ஒலிக்கின்றது. "இது எனக்கு ஒத்துவராது" என்று அன்றே கழற்றிவிடுகின்றார். கருவி பழைய செவியைத் திருப்பித் தருவதில்லை. இருக்கின்ற கேள்வியைக் கொண்டு வாழத் துணைசெய்கின்றது என்பதை முன்பே எடுத்துரைத்திருந்தால், இவ்வேமாற்றம் நேர்ந்திராது.

நான்காவது தடை, அச்சம். "அணியத் தொடங்கினால் இருக்கிற கேள்வியும் போய்விடும்" என்ற வதந்தி பல ஊர்களில் உலவுகின்றது. வல்லுநர் அளந்து பொருத்திய கருவியால் அவ்வாறு நேர்வதில்லை. அளக்காமல், எவரோ ஒருவருடைய கருவியை வாங்கி மாட்டிக்கொள்வதே தகாதது.

ஐந்தாவது தடை, "இனி எனக்கு எதற்கு?" என்னும் சலிப்பு. "இன்னும் எத்தனை நாள்? எனக்காகப் பிள்ளைகள் செலவு செய்யவேண்டுமா?" என்கின்றனர் பெரியோர். தாய்மார்களிடம் இது மிகுதி. வீட்டில் ஆடவருக்குக் காது மந்தமானால் மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றோம், அன்னைக்கு மந்தமானால், "அவர்களுக்குச் சமையற்கட்டில் என்ன கேட்கவேண்டும்?" என்று விட்டுவிடுகின்றோம். அடுப்படியில் பால் பொங்கும் ஓசையும், தொட்டிலில் பேரன் அழும் குரலும், வாசலில் வந்தவர் அழைக்கும் குரலும் அவர்களுக்குக் கேட்கவேண்டாமா?

ஊர் எழுப்பும் தடைகள்

மனத்தடைகள் தாமாக எழுவதில்லை; ஊர்தான் அவற்றை வளர்க்கின்றது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொல்கின்றோம். பட்டப்பெயர் வைத்து அழைக்கின்றோம். கருவி லேசாகக் கூவினால், "காதில் ரேடியோ பாடுகிறது" என்று சிரிக்கின்றோம். பொதுவிடத்தில் ஒருவர் நான்கு முறை "என்ன? என்ன?" என்று கேட்டால், ஐந்தாம் முறை, "உங்களுக்கு ஒன்றுமில்லை, விடுங்கள்" என்கின்றோம். அந்த ஒரு சொல்லே பலரைத் திண்ணையிலிருந்து உள்ளறைக்குத் துரத்திவிட்டது.

பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் கடியது. கருவி அணிந்தால் நாளை வரன் வராது என்று அஞ்சி, பள்ளியில் முதல் வரிசையில் அமரவும் விடாமல், கருவியைக் கழற்றி ஒளித்து வைக்கும் பெற்றோர் இருக்கின்றனர். கேளாத பிள்ளை பாடத்தில் பின்தங்குகின்றது. பின்தங்கியதும் 'மந்தம்' என்று பெயர் சூட்டப்படுகின்றது. குறை காதில் இருக்க, பழி அறிவின்மேல் விழுகின்றது. பிறவியிலேயே செவித்திறன் குன்றிய குழந்தைக்கு முதல் மூன்று ஆண்டுகள் பொன்னினும் மேலானவை. அக்காலத்தே ஒலி மூளையைச் சென்றடைந்தால்தான் பேச்சு இயல்பாக மலரும். கைதட்டினாலும் திரும்பாத குழந்தையை, "அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்று காத்திருக்கச் செய்வது பெருந்தவறு. தக்க குழந்தைகளுக்கு ஆறு வயதிற்குள் உட்செவியில் கருவி பொருத்தும் அறுவை மருத்துவத்தை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழக அரசு சேர்த்துள்ளது. ஆகவே காலம் தாழ்த்தலாகாது.

கேளாமையின் உண்மையான இழப்பு

"காது கேளாவிட்டால் என்ன, உயிரா போகிறது?" என்பார்க்கு ஒன்று சொல்வோம். நாம் அறிந்த ஒரு சிற்றூரில் முந்திரித் தோப்பும் பலா மரங்களும் உடைய முதியவர் ஒருவர் இருந்தார். ஒரு காலத்தில் ஊர் வழக்குகளில் அவர் சொல்லுக்கு மதிப்பிருந்தது. காது மந்தமான பிறகு, எவர் எது கேட்டாலும், "சரி, சரி" என்று தலையசைக்கத் தொடங்கினார். மறுமுறை கேட்க நாணம், அதனால் தலையசைப்பு. அவருக்கு நினைவு தப்பிவிட்டது என்று வீட்டார் கருதினர். தோப்பின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு விடும் பேச்சு அவர் முன்னிலையிலேயே நடந்தது. அதற்கும் "சரி" என்றார். பத்திரத்தில் கையொப்பம் இடும் நாளில்தான், தாம் எதற்கு இசைந்தோம் என்பதே அவருக்குத் தெரியாது என்பது வெளிப்பட்டது.

பின்னர் அவர் சோதிக்கப்பட்டார். கருவி பொருத்தப்பட்டது. முதல் வாரத்திலேயே அதைக் கழற்றி வைத்துவிட்டார். பள்ளியில் படிக்கும் அவருடைய பேத்தி, நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் செய்தித்தாளை அவர் எதிரில் அமர்ந்து படிப்பதாகவும், அந்த அரை மணி மட்டும் அவர் கருவி அணிவதாகவும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டனர். அரை மணி ஒரு மணியாயிற்று. ஒரு மணி நான்கு மணியாயிற்று. இன்றும் அவர் நாள் முழுதும் அணிவதில்லை. காற்று வீசினால் இரைகிறது என்று குறை கூறுவதும் நிற்கவில்லை. ஆனால் கிராம சபைக்கு வருகின்றார். தம் நிலத்தைப் பற்றித் தாமே பேசுகின்றார். இதைவிட வேறென்ன வேண்டும்?

மருத்துவ உலகமும் இதையே வலியுறுத்துகின்றது. லான்செட் என்னும் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில், முதுமை மறதி நோய்க்கு வழிகோலும், மாற்றக்கூடிய 14 காரணங்களுள் செவித்திறன் குறைவும் ஒன்றாக எண்ணப்பட்டுள்ளது. கேளாதவர் பேச்சிலிருந்து விலகுகின்றார். பேச்சிலிருந்து விலகியவர் மக்களிடமிருந்து விலகுகின்றார். தனிமை உள்ளத்தை அரிக்கின்றது. திருவள்ளுவர் கேள்விச் செல்வத்திற்கென்றே ஓர் அதிகாரம் வகுத்ததன் காரணம் நன்கு விளங்குகின்றதன்றோ?

திருவதிகை கற்பிக்கும் பாடம்

நாம் கூடியிருக்கும் இவ்வூர், கெடிலக் கரையில் அமைந்த திருவதிகை. திருநாவுக்கரசரும் அவர் தமக்கையார் திலகவதியாரும் வாழ்ந்து புகழ் பெற்ற தலம். நாவுக்கரசர் சூலை நோயால் துடித்த வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் உரைக்கின்றார். அவர் தமக்கையாரிடம் பகலில் வரவில்லை. இரவில், பிறர் அறியாவண்ணம் வந்தார் என்கின்றது அந்நூல். கற்றறிந்த பெரியாரையும் நோயோடு நாணம் வந்து பற்றிற்று என்பதை நாம் இங்கே உற்று நோக்கவேண்டும். தமக்கையார் என்ன செய்தார்? விட்டுச் சென்றாயே என்று வாயில் கதவை அடைக்கவில்லை, ஏளனம் செய்யவில்லை. திருநீறு அளித்து, கையோடு அழைத்துக்கொண்டு திருக்கோயிலுக்குச் சென்றார்.

பக்தர்கள் அதில் இறைவன் அருளைக் காண்பர். ஊர்ப்பணி செய்யும் நாம் அதோடு இன்னொன்றையும் காணலாம். துன்புற்றவரை நாணமின்றி ஏற்றுக்கொள்ளும் ஒரு மனிதர், அவருடன் நடந்து செல்லும் ஒரு மனிதர் வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு திலகவதியார் இருந்தால், எந்தக் கருவியும் பெட்டியில் உறங்காது.

கடல் கடந்த நாட்டிலிருந்தும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ரொனால்டு ரீகன் இளமையில் திரைப்பட நடிகர். படப்பிடிப்பின்போது காதருகே துப்பாக்கி வெடித்ததால் அவர் செவித்திறன் பழுதுற்றது. 1983-ஆம் ஆண்டில் அவர் காதில் கருவியுடன் பொதுமக்கள் முன் தோன்றினார். அதன் பின்னர் அந்நாட்டில் கருவி வாங்குவோர் தொகை உயர்ந்தது. தலைவர் அணிந்தார், மற்றவர் நாணம் அகன்றது. ஆதலால், இங்கே அமர்ந்துள்ள ஊராட்சிப் பெருமக்களுள் எவர்க்கேனும் கேள்வி குறைந்திருக்குமானால், முதலில் தாம் சோதித்துக்கொண்டு, கருவியை அணிந்து, ஊர் நடுவே வெளிப்படையாக நடந்து வருமாறு வேண்டுகின்றோம். நூறு சொற்பொழிவுகளை விட அந்த ஒரு நடை மேலானது.

அணியும் முறையும் பேணும் முறையும்

கருவி வாங்குமுன் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். குறும்பி அடைத்திருந்தால் அதை அகற்றினாலே போதும். சீழ் வடிந்தால் முதலில் அதற்கு மருத்துவம் வேண்டும். காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும், குச்சியும் கொண்டையூசியும் விட்டுக் குடைவதும் கூடவே கூடா. அதன்பின் செவித்திறனை அளந்து, காதுக்கேற்ற அச்சு எடுத்து, கருவியைப் பொருத்துவர். அச்சு சரியாகப் பொருந்தாவிட்டாலே கருவி கூவும். அது கருவியின் குற்றமன்று. திரும்பச் சென்று சரிசெய்து கொள்ளலாம். மாட்டலோ பூச்சரமோ உரசினால் அதையும் வல்லுநரிடம் சொன்னால் வழி கூறுவார்.

முதல் வாரம், அமைதியான அறையில், ஒருவரோடு மட்டும் பேசி, ஒரு மணி அல்லது இரண்டு மணி நேரம் அணிதல் போதும். இரண்டாம் வாரம் வீட்டார் அனைவரோடும் பேசிப் பழகலாம். மூன்றாம் வாரம் சமையற்கட்டு, தொலைக்காட்சி. நான்காம் வாரம் கடைத்தெரு, கோயில், கிராம சபை. ஒலிகளைப் பிரித்தறிய மூளைக்குச் சில வாரங்கள் முதல் சில திங்கள் வரை ஆகும். புதுச் செருப்பும் பழகும்வரை காலைக் கடிக்கத்தான் செய்கின்றது.

குளிக்கும்போதும் உறங்கும்போதும் கருவியைக் கழற்றவேண்டும். வியர்வை கருவிக்குப் பகை. இரவில் மின்கலக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு டப்பாவில் வைத்தல் நன்று. சிறு மின்கலங்களில் ஒட்டியுள்ள வண்ணத் தாளைக் கொண்டே அளவை அறியலாம்: 675 என்னும் பெரிய அளவுக்கு நீலம், 13-க்கு ஆரஞ்சு. தாளை உரித்தவுடன் காற்றுப் பட்டு மின்கலம் வேலை செய்யத் தொடங்கிவிடும். ஆதலால் தேவைப்படும் வரை உரிக்கலாகாது. உரித்தபின் ஒரு நிமிடம் கழித்துக் கருவியில் இடுக. இவை சிறு குழந்தைகள் கையில் சிக்காதவாறு காத்தல் மிக முக்கியம். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.

வீட்டார் செய்ய வேண்டுவன

கருவி அணிந்தவரோடு பேசும்போது, எதிரில் வந்து, முகம் தெரியும் வெளிச்சத்தில் நின்று, நிதானமாகப் பேசுங்கள். பின்னாலிருந்து அழைக்காமல் தோளைத் தொட்டு அழையுங்கள். தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தாமல், வேறு சொல்லால் சொல்லுங்கள். ஒருவர்பின் ஒருவராகப் பேசுங்கள். "ஒன்றுமில்லை, விடு" என்ற சொல்லை வீட்டைவிட்டே விலக்குங்கள்.

ஊராட்சி செய்ய வேண்டுவன

இறுதியாக, ஊராட்சி மன்றம் செய்யத்தக்கவற்றை வரிசைப்படுத்துவோம்.

ஒன்று: வார்டுதோறும் காது மந்தமானோரையும், பேச்சுத் தாமதமான குழந்தைகளையும் கண்டறிக. பெயர்களைச் சபையில் உரக்கப் படித்தல் கூடாது. வீட்டிற்குச் சென்று தனியே பேசுதல் வேண்டும்.

இரண்டு: தனித்தனியே போகச் சொன்னால் எவரும் போகார். ஐந்து பேர், பத்துப் பேராகச் சேர்த்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. ஏற்கெனவே கருவி அணிந்து பழகிய ஒருவரை வழித்துணையாக அனுப்புக. அவர் சொல் நம் சொல்லை விட எளிதில் ஏறும்.

மூன்று: உதவி பெறும் வழிகளை எடுத்துரைக்க. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் உள்ளது. உதவிக் கருவிகள் வழங்கும் மத்திய அரசுத் திட்டம் 1981-இல் தொடங்கியது. வறிய முதியோர்க்கான வயோஸ்ரீ திட்டம் 2017-இல் வந்தது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையோரைச் செவித்திறன் குறைந்தோர் என வரையறுக்கின்றது. அவ்வளவு இழப்பு இல்லாதார்க்கும் கருவி பயன்தரக்கூடும். சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதற்காகச் சோதனையையே விட்டுவிடலாகாது.

நான்கு: கருவி பெற்றவரை ஒரு வாரத்திலும், ஒரு திங்களிலும், மூன்று திங்களிலும் சென்று காண்க. பெட்டியில் கிடந்தால் கடிந்து கொள்ளாமல் காரணம் கேட்க. மகளிர் சுய உதவிக் குழுவினர் இப்பணிக்கு மிகவும் ஏற்றவர்கள். அவர்களே மின்கலங்களையும் மொத்தமாக வாங்கி வைத்து விற்றால், ஒரு மின்கலத்திற்காக ஒருவர் பண்ருட்டிக்கோ கடலூருக்கோ பேருந்து ஏறவேண்டியதில்லை. மின்கலம் தீர்ந்ததால் நின்றுபோன கருவிகள் எத்தனை என்று கணக்கெடுத்தால் நாம் வியப்படைவோம்.

ஐந்து: ஆண்டில் ஆறு முறை கூடும் கிராம சபையில், கேள்வி குறைந்தோர்க்கு முன்வரிசையில், பேசுவோர் முகம் தெரியும்படி இடம் அளிக்க. பொருள்களைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதுக. ஒருவர் கேட்கும் வினாவைத் தலைவர் மீண்டும் ஒருமுறை சொல்லிவிட்டு விடை கூறுக. 2025-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட சட்டத் திருத்தத்தால் ஊராட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினராக இடம்பெற வழி பிறந்துள்ளது. இருக்கை அளித்தால் மட்டும் போதுமா? பேச்சு காதில் விழவும் வேண்டாமா?

ஆறு: பட்டப்பெயர்களை ஒழிக்க. ஊர்ப் பேச்சிலோ மன்றக் குறிப்பேட்டிலோ ஒருவரை அவர் குறையால் சுட்டுவதில்லை என்று உறுதி கொள்க. பிள்ளைகள் பெரியோரைப் பார்த்தே கற்கின்றனர்.

அன்பர்களே! இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. வேண்டுவன பொறுமையும் பரிவும் தொடர்ந்த கவனிப்புமே. வாய்க்காலை வெட்டிவிட்டால் போதாது, கடைமடைக்கு நீர் சென்றதா என்று பார்க்கவேண்டும் என்பதை உழவராகிய உங்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. கருவி வழங்குவது வாய்க்கால் வெட்டுவது போன்றது. அது காதில் ஏறி, காதின் வழியே வீட்டுப் பேச்சிலும் ஊர்ப் பேச்சிலும் அவரை மீண்டும் சேர்த்ததா என்று பார்ப்பதே கடைமடைக்கு நீர் பாய்ச்சுவது. இங்கிருந்து திரும்பியதும், உங்கள் தெருவில் பரணில் கிடக்கும் ஒரு கருவியையேனும் கண்டுபிடித்து, அதற்குரியவர் அருகே அமர்ந்து, அரை மணி நேரம் பேசுமாறு கேட்டுக்கொண்டு அமைகின்றோம்.